தாய்ப்பாலும் சங்கத்தின் கடமையும்

உறுப்பினர் கல்விப் பாடம்

நூல், சாயம், விதை, எரு, கடன், வட்டி ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் பெரும்பாலும் பேசி வருகிறோம். இம்மாதம் தாய்ப்பாலைப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம். "இது வீட்டுப் பெண்டிர் பேச வேண்டிய செய்தியன்றோ? சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று உறுப்பினர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் நேரில் கண்டதை முதலில் கூறுவோம். நெய்த சேலையை ஒப்படைத்துக் கூலியும் நூலும் பெறும் நாள் அது. காலை ஒன்பது மணிக்கு வந்த ஓர் இளந்தாய், சேலையைச் சரிபார்த்து, கணக்கெழுதி, பணம் பெற்று வெளியேறும்போது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. அவருடைய மூன்று மாதக் குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருந்தது. பசித்து அழுத குழந்தைக்குப் பாட்டி சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். மறுவாரம் பசும்பாலில் பாதி நீர் கலந்து புட்டியில் கொடுத்தார். நாளடைவில் குழந்தை புட்டிக்குப் பழகியது. தாய்க்குப் பால் குறைந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் கண்டது. "எனக்குப் பால் போதவில்லை" என்று அத்தாய் தம்மையே நொந்துகொண்டார். குறை அவர் உடலில் இல்லை. ஐந்து மணி நேரம் அவரை வரிசையில் நிற்க வைத்த ஏற்பாட்டிலேயே குறை இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களோ உறுப்பினர்களாகிய நாமே.

உலகெங்கும் பொதுச் சுகாதாரத் துறையினர் பல ஆண்டு முயற்சியால் கற்றுக்கொண்ட பாடமும் இதுவேயாகும். "தாய்ப்பால் கொடுங்கள்" என்று தாய்க்கு உபதேசம் செய்வதால் மட்டும் பயன் விளைவதில்லை. அவர் வழியில் கிடக்கும் தடைகளை நீக்கிய இடங்களிலேயே பயன் விளைந்திருக்கிறது. அத்தடைகள் எவை, அவை எவ்வாறு நீக்கப்பட்டன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பால் சுரக்கும் முறை

முன்கூட்டியே நிரப்பி வைத்த குடமன்று தாயின் மார்பு. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் இரண்டு சுரப்புநீர்கள் வேலை செய்கின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் என்பது அப்பாலை வெளியே செலுத்துகிறது. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுக்குப் பால் ஊறும். பால் மார்பிலேயே தேங்கினால் சுரப்புக் குறையும். சேலை விற்றால் சங்கத்துக்கு நூல் வருவதும், சேலை தேங்கினால் தறி நிற்பதும் நாம் அறிந்தவை. இங்கும் கணக்கு அதுவே.

ஆகவே பச்சிளங் குழந்தைக்கு இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்ட வேண்டும். இடையே ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், அந்த அளவுக்குக் குழந்தை தாயிடம் சப்புவது குறைகிறது. அதனால் மறுநாள் சுரப்பும் குறைகிறது. பால் குறைந்ததென்று மேலும் ஒரு வேளை புட்டி வருகிறது. "பால் போதவில்லை" என்னும் புகார்களில் பல இவ்வாறு பிறந்தவையே. கவலையும் வலியும் ஆக்ஸிடோசின் சுரப்பதைத் தடுக்குமாதலால், தாயைக் கடிந்து பேசும் வீட்டில் பால் இறங்குவதும் தடைப்படும்.

போதிய பால் கிடைக்கிறதா என்பதை அழுகையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பின், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுமானது என்று கொள்ளலாம். பிறந்தவுடன் சிறிது குறையும் எடை, இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். இவை நேராவிடில் கிராமச் சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ காலந்தாழ்த்தாமல் காட்டுதல் வேண்டும்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீரே உள்ளது. எனவே முதல் ஆறு மாதங்களில், சித்திரை வெயிலிலும், குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை. 2001 ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நெறி இது: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால்.

2. முதல் ஒரு மணி நேரம்

மாடு வளர்க்கும் உறுப்பினர்களுக்குச் சீம்பாலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கன்று எழுந்து நின்றவுடன் அதனை மடியில் விடுவோம். சீம்பால் குடியாத கன்று தேறுவது அரிது என்பதும் அறிவோம். இவ்வளவு அறிந்த நாம், நம் வீட்டுக் குழந்தை பிறந்தவுடன் மஞ்சள் நிறமான அதே முதற்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டுவதும், அதற்கு மாறாகத் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் நாவில் வைப்பதும் என்ன நியாயம்? சீம்பால் அளவில் சிறிது. சில தேக்கரண்டிகளே இருக்கும். பிறந்த குழந்தைக்கு அதுவே போதும். குடலில் நோய்க்கிருமிகள் தங்கவிடாமல் காக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அதில் செறிந்துள்ளன. தேனிலோ சில வேளைகளில் குழந்தையின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வித்துகள் இருக்கக்கூடும். ஆதலால் ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது. சேனை வைக்கும் வழக்கத்தைப் பெரியோர் விட்டுவிட முடியாவிடில், தாயின் பாலையே தொட்டு வைத்து வாழ்த்தட்டும்.

ஆனால் பழைய வழக்கங்களை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. புதிய மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் தாயையும் சேயையும் பிரித்தே வைத்தன. குழந்தைகளைத் தனி அறையில் கிடத்தி, நேரம் பார்த்துப் புட்டிப்பால் புகட்டுவதே நாகரிகம் என்று கருதப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பாகியோ நகரத்துப் பொது மருத்துவமனையில் டாக்டர் நாடிவிடாட் கிளாவானோ என்னும் அம்மையார் 1975 இல் இம்முறையை மாற்றினார். தனி அறையை விட்டு, குழந்தையைத் தாயின் அருகிலேயே கிடத்தினார்; புட்டிகளையும் பால்மாவு விளம்பரங்களையும் வெளியேற்றினார். அங்குப் பிறந்த குழந்தைகளிடையே நோய்த்தொற்றும் இறப்பும் பெருமளவு குறைந்தன.

இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 1989 இல் மகப்பேற்று மனைகளுக்கென்று பத்து நெறிகளை வெளியிட்டன. அவற்றைப் பின்பற்றும் மருத்துவமனைகளைக் "குழந்தை நேய மருத்துவமனை" என்று ஏற்கும் திட்டம் 1991 இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரம் 1992 இல் தொடங்கியது.

நம் நாட்டின் நிலை யாது? 2019–21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 89 மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 42 பேரே. 2015–16 இல் நடந்த முந்தைய ஆய்வில் மருத்துவ நிலையப் பிரசவம் 79. முதல் மணித் தாய்ப்பால் அப்போதும் 42 தான். அதாவது, தாய்மார் மருத்துவமனை வாயிலை அடைந்துவிட்டனர். முதல் மணி நேரத்தின் வழக்கம் மட்டும் மாறவில்லை. உறுப்பினர் குடும்பத்தார் மருத்துவமனைக்குச் செல்லும்போது, "குழந்தையை எப்போது தாயிடம் தருவீர்கள்?" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சையால் பிறந்த குழந்தைக்கும், தாய் தெளிவாக இருந்தால், செவிலியர் துணையோடு விரைவில் பாலூட்ட இயலும்.

3. டப்பாப் பாலும் சட்டமும்

1939 இல் சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், அந்நகரத்து ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றினார். இனிப்பிட்ட டப்பாப் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்து விற்றதால் குழந்தைகள் நோயுற்று மாண்டதை அவர் கண்டிருந்தார். அத்தகைய விளம்பரத்தைக் கொலைக்கு ஒப்பானது என்று அஞ்சாமல் கண்டித்தார்.

ஏழை வீட்டில் டப்பாப் பால் செய்யும் தீங்கு எளிதில் விளங்கும். மாவின் விலை மிகுதி. எனவே நான்கு நாளுக்குரியதைப் பத்து நாளுக்கு நீட்டிக் கரைப்பார்கள். குழந்தையின் வயிறு நிறையும், உடல் தேறாது. தண்ணீரும் புட்டியும் தூய்மையில்லாதபோது வயிற்றுப்போக்கு வரும். இதற்குள் தாயின் பாலும் வற்றிவிடுவதால், திரும்பிச் செல்ல வழியில்லை. கந்துவட்டிக் கடனைப் போல, முதலில் எளிதாகக் கிடைத்துப் பின்னர் விடாமற் பற்றிக்கொள்ளும் பண்டம் இது.

உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக, 1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பண்டங்களின் விற்பனைக்கு ஒரு பன்னாட்டு நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவு 118 வாக்கு, எதிர்ப்பு ஒன்றே, அது அமெரிக்காவின் வாக்கு, நடுநிலை மூன்று. இந்தியா அதனைச் சட்டமாகவே செய்தது. 1992 இல் இயற்றப்பட்டு, 2003 இல் மேலும் கடுமையாக்கப்பட்ட அச்சட்டத்தின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, குழந்தை உணவு, பால் புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்யக்கூடாது. இலவச மாதிரியோ பரிசோ வழங்கக்கூடாது. டப்பாவின்மேல் தாய் அல்லது குழந்தையின் படம் இருக்கக்கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு இருத்தல் வேண்டும். விற்ற அளவைக் கணக்கிட்டு ஊழியருக்குக் கமிஷன் கொடுப்பதும் குற்றம். மீறினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இச்சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. 1960களில் குஜராத்தின் ஆனந்த் கூட்டுறவுப் பால் பண்ணை, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்ட முறையைக் கொண்டு எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரித்தது. அயல்நாட்டு இறக்குமதியை நீக்கிய அருஞ்செயல் அது. எனினும் டப்பாவில் கூட்டுறவின் பெயர் இருந்தாலும், அதிலுள்ளது தாய்ப்பாலுக்கு ஈடாகாது. சட்டமும் கூட்டுறவுக்கு விலக்களிக்கவில்லை. நம் பண்டகசாலைகளில் டப்பாவை விற்கலாம். அதற்கு அட்டை மாட்டுவதும், தள்ளுபடி தருவதும், சிபாரிசு செய்வதும் கூடா.

4. அண்டை வீட்டுத் தாயின் துணை

மருத்துவமனையைச் சீர்செய்து, விளம்பரத்தையும் தடுத்துவிட்டோம் என்று கொள்வோம். தாய் வீடு திரும்பி, பத்தாம் நாள் நள்ளிரவில் குழந்தை விடாது அழும்போது யார் துணை? இதற்கு விடை காண வங்காள தேசத்தின் டாக்கா நகரில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2000 இல் வெளியாயிற்று. நகரின் 40 பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் பாதியில், அவ்விடத்துத் தாய்மாரையே தேர்ந்து பத்து நாள் பயிற்சி அளித்தனர். கர்ப்பகாலம் முதல் ஐந்தாம் மாதம் வரை, ஒவ்வொரு வீட்டுக்கும் 15 முறை அவர்கள் சென்று வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் அப்பகுதிகளில் நூற்றுக்கு 70. துணை கிட்டாத பகுதிகளில் நூற்றுக்கு 6.

ஹரியானா மாநிலக் கிராமங்களில் அங்கன்வாடி ஊழியர் முதலியோருக்குப் பயிற்சி அளித்து நடத்திய ஆய்வின் முடிவு 2003 இல் வந்தது. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள், பயிற்சி நடந்த ஊர்களில் நூற்றுக்கு 79. மற்ற ஊர்களில் 48. பயிற்சி நடந்த ஊர்களில் வயிற்றுப்போக்கும் குறைந்தது.

பயிற்சி பெற்ற அப்பெண்கள் செய்தது யாது? பெரிதாக ஒன்றுமில்லை. அருகில் அமர்ந்து குழந்தையைப் பிடிக்கும் முறையைச் சரிசெய்தனர். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்ல வேண்டும். மோவாய் மார்பில் பட வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் தாய்க்குப் புண்ணாகும். குழந்தைக்கும் பால் வாராது. இதனைக் காட்டித் தந்து, "உன்னால் முடியும்" என்று தைரியம் சொல்லி, மாமியாரிடமும் கணவரிடமும் பேசினர். இந்தியாவில் 2016 ஆகஸ்டில் தொடங்கிய "மா" என்னும் தேசியத் திட்டமும் இவ்வாறான தாய்மார் கூட்டங்களையே அடிப்படையாகக் கொண்டது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 2015–16 இல் நூற்றுக்கு 55. 2019–21 இல் 64. முயற்சி வீண்போகாது என்பதற்கு இது சான்று.

5. வேலையும் பாலூட்டலும்

இனி, நம்மை நேரே தொடும் தடைக்கு வருவோம். 1919 இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் செய்த ஒப்பந்தமே, பாலூட்டும் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் நாளுக்கு இருமுறை அரைமணி ஓய்வு தர வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 1961 இன் மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் அளித்தது. 2017 இன் திருத்தம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிலையங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகள் திறக்கப்பட்டன. வறிய கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பணமும் ஊட்டப் பொருளுமாக 18,000 ரூபாய் அளவுக்கு 2018 இல் உயர்த்தப்பட்டது.

ஆனால் வீட்டுக் குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், தார் சுற்றுபவருக்கும், களையெடுக்கச் செல்பவருக்கும் 26 வார விடுப்பு தர யார் இருக்கிறார்கள்? நெய்த முழத்துக்கே அவருக்குக் கூலி. நெய்யாத நாளில் அடுப்பெரியாது. தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம் அவர் வாயிற்படியில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து தொடங்க வேண்டியது சங்கமே. ஏனெனில் அவருக்குச் சங்கம் முதலாளி. சங்கத்துக்கு அவரே முதலாளி.

6. பாலிலும் கூட்டுறவு

1989 இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் அம்மையார் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் விலை பெறாமல் பால் வழங்குவர். வழங்குவோரின் இரத்தம் சோதிக்கப்படும், பால் 62.5 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிரில் காக்கப்படும். குறைமாதத்தில் பிறந்து, தாயின் பால் கிட்டாத சிசுக்களுக்கு அது உயிர் தருகிறது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இத்தகைய வங்கிகள் உள்ளன. உள்ளவர் இட்டு, இல்லாதவர் பெறும் இவ்வேற்பாட்டைக் கூட்டுறவு என்றன்றி வேறெவ்வாறு அழைப்பது?

இங்கே ஒன்று கூற வேண்டும். நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ, குழந்தையின் பிறவிக் குறையாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் வழியே சரியான வழி. அவர்களைப் பழிப்பது எந்தச் சங்கத்துக்கும் அழகன்று.

7. சங்கம் செய்யக்கூடியவை

(அ) ஒப்படைப்பு நாளில், கைக்குழந்தை உள்ள தாய்மாரை முதலில் கவனித்து அனுப்புதல். அல்லது குடும்பத்தார் ஒருவர் கையொப்பமிட்டுப் பெற இசைதல்.

(ஆ) சங்கக் கட்டடத்தில் ஒரு மூலையைத் தட்டியால் மறைத்து, பாயும் குடிநீரும் வைத்து, விட்டத்தில் பழஞ்சேலையால் ஒரு தூளி கட்டுதல். இதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் போதும்; பெருஞ்செலவு இல்லை.

(இ) பிரசவித்த உறுப்பினருக்கு ஆறு மாதம் வரை பாவு ஒப்படைக்கும் தவணையை நீட்டித்தல். கடன் தவணையையும் துணைவிதிக்குட்பட்டுத் தள்ளிவைத்தல். பொது நல நிதியிலிருந்து இயன்ற உதவி அளித்தல்.

(ஈ) பாலூட்டும் தாய்மாரைச் சாயப்பட்டறை வேலையிலும் பூச்சிமருந்து தெளிப்பிலும் ஈடுபடுத்தாதிருத்தல். மருந்து தெளித்த ஆடவரும் குளித்து உடைமாற்றிய பின்னரே குழந்தையை எடுக்க வேண்டும்.

(உ) குழந்தை பெற்றுப் பாலூட்டி அனுபவமுள்ள பெண் உறுப்பினர் இருவரைத் தேர்ந்து, சுகாதார செவிலியரிடம் பயிற்சி பெறச் செய்து, புதுத் தாய்மார் வீடுகளுக்கு அனுப்புதல்.

(ஊ) வெளியே செல்ல நேரும் தாய், பாலைப் பீய்ச்சித் தூய மூடிய கிண்ணத்தில் வைத்துச் செல்லவும், வீட்டார் அதனைப் பாலாடையால் புகட்டவும் கற்பித்தல். நம் வெயிலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் புகட்டிவிடுதல் நன்று.

(எ) பத்தியம் என்று தாயைப் பட்டினி போடாதிருக்க எடுத்துரைத்தல். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாள்தோறும் ஏறத்தாழ 600 கலோரி மிகுதியாக வேண்டும். கேழ்வரகு, கீரை, பருப்பு, முட்டை, மீன் ஆகியவை நம் சந்தையிலேயே கிடைப்பவை.

தொடக்கத்தில் நாம் கூறிய தாயின் குழந்தை பின்னர் தேறிற்று. பழகிய செவிலியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று புட்டியை விலக்கி, அடிக்கடி சப்பச் செய்து, சில வாரங்களில் பாலை மீட்டுத் தந்தார். அச்சங்கத்தில் இன்று கைக்குழந்தைக்காரர்களே வரிசையில் முதலில் நிற்கின்றனர். ஒரு மாற்றம், ஒரு பலகை அறிவிப்பு, அவ்வளவே. நம் சங்கங்களில் அப்பலகை இன்னும் எழுதப்படாதிருப்பின், அடுத்த கூட்டத்தின் முதற் பொருளாக அதனை வைப்போமாக.

கல்வி வட்டத்துக்கு வினாக்கள்

1. ஒப்படைப்பு நாளில் நம் சங்கத்தில் ஒரு தாய் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறார்? அடுத்த முறை கடிகாரம் பார்த்துக் குறித்து வருக.

2. நம் ஊரில் சென்ற ஓராண்டில் பிறந்த குழந்தைகளுக்கு முதலில் நாவில் வைத்தது என்ன? வீடுதோறும் கேட்டறிக.

3. நம் பண்டகசாலையில் பால்மாவுக்கு விளம்பர அட்டை ஏதேனும் மாட்டப்பட்டுள்ளதா?

4. மேற்கூறிய ஏழனுள், பணச் செலவின்றி இம்மாதமே செய்யக்கூடியவை எவை?